மணிக்கட்டில் மார்க்

இப்போதெல்லாம் மார்க் இல்லாமல் எவனும் ஒரு கிழவனுக்குத் தண்ணீர்கூட மொண்டு தரமாட்டான் என்பது மாசானத்தின் முடிவு. கல்லூரிப் பிள்ளைகள் சேவை செய்தால், பெரியவர் மணிக்கட்டில் கட்டிய மின்னணுப் பட்டை அவர் மனசு குளிர்ந்ததைப் பார்த்து மார்க் போடும். ரிஸ்வானாவும் அப்படித்தான் ஒரு வருஷம் அவருடைய காய்கறிப் பையைத் தூக்கினாள். அவள் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்காரர்கள் பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று சந்தை வாசலில் மறுபடி நின்றாள்.

"பையைத் தாங்க தாத்தா."

"இது எந்தப் பாடத்துக்கு?"

"பாடமெல்லாம் முடிஞ்சிட்டு. சும்மா ஒங்கள பாக்கத்தான் வந்தேன்."

மாசானம் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப பட்டைய எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுதா எத்தனை மார்க்கு?" என்று கேட்டுவிட்டு, தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.