சீட்டில் கிடந்த துவர்த்து

"பின்சி, கயிறை இழுக்கச் சொல்லு அவன்ட்ட! பெட்ரோல் ஒழுகுது, வேகம்!"

வண்டிக்கடியில் கையை விட்டு, பெட்ரோல் டியூபைப் பொத்திப் பிடித்தபடி கத்தினான் ராபின்சன். 'அவன்' கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். தம்பி அஜீஷ்.

"அஜீஷண்ணா, கயிறை இழுக்கணுமாம்," என்றாள் நடுவில் நின்ற தங்கை பின்சி.

"இழுத்து இழுத்து எனக்க தோளு கழண்டாச்சுன்னு சொல்லு அவருட்ட."

சொன்னானே தவிர, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தான். எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது.

அது அப்பனின் புல்வெட்டி வண்டி. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். மிஷன் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவருக்கு, சீமைக்குத் திரும்பிப்போன டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனது. அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் சர்ச் மைதானத்துப் புல்லை அவர்தான் அதில் வெட்டுவார். மகன்கள் இரண்டு பேரும் அந்த நேரம் பந்து விளையாடப் போயிருப்பார்கள்.

அவர் கண்மூடியதும் பாகம் வைத்தார்கள். வீடு ராபின்சனுக்கு. கிணறு இருந்த பக்கம் அஜீஷுக்கு. வண்டியை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அது கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சும் நின்றுபோனது.

இப்போது எல்லையில் மதில் கட்ட அஜீஷ் ஒரு லோடு கல் இறக்கிவிட்டான். பண்டிகை கழிந்ததும் மேஸ்திரி வருவார். மதில் எழுந்துவிட்டால், அம்மை ஓமனா ஒரு குடம் தண்ணீருக்கு ரோட்டைச் சுற்றி வரவேண்டும்.

காட்டாக்கடையில் வாழ்க்கைப்பட்ட பின்சி, சேதி கேட்டதும் பஸ் ஏறி வந்தாள். வந்தவள் மதிலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இந்தப் பண்டிகைக்கு அப்பனுக்க வண்டி ஓடணும். ரெண்டு பேரும் சேர்ந்து சரியாக்குங்க."

"ஓடினா நான்தான் ஏறுவேன். மூத்தவனாக்கும்," என்றான் ராபின்சன்.

"அவரு ஏறினா நான் ஸ்பானரைத் தொடமாட்டேன்னு சொல்லு," என்றான் அஜீஷ்.

பின்சி உள்ளே போனாள். அப்பன் தோளில் போடும் துவர்த்துத் துண்டை எடுத்து வந்து, பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி சீட்டில் விரித்தாள்.

"வண்டி ஓடுற வரைக்கும் இதில ஒருத்தரும் இருக்கப்பிடாது. ஓடின பிறகு யாரு ஏறணும்னு அம்மை சொல்லும். சம்மதமா?"

ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

வண்டியைத் தூக்கி நிறுத்தக் கல் வேண்டியிருந்தது. மதில் கல்லைத்தான் எடுத்து அடியில் கொடுத்தார்கள். அந்தக் கல்லில் ஒன்றுதான், அஜீஷ் கயிற்றை இழுத்த இழுப்பில், இப்போது வழுகியது.

"அண்ணா, கையை எடு!" என்று நேராகவே கத்தினான் அஜீஷ்.

ராபின்சன் கையை உருவிக்கொள்ளவும் வண்டி சாயவும் சரியாக இருந்தது. பிளேடு மண்ணில் குத்தி நின்றது.

"விரலெல்லாம் உண்டா? எண்ணிப் பாரு அண்ணா."

"எண்ணத் தெரிஞ்சா நான் பத்தாங்கிளாஸ் ஜெயிச்சிருப்பேனே, எலே," என்றான் ராபின்சன்.

அதன்பிறகு நடுவில் நிற்கப் பின்சி தேவைப்படவில்லை. அவள் அடுக்களைக்கு மாறிக்கொண்டாள். வேலைக்கு நடுவே உட்கார மதில் கல், மரச்சீனிக் கிழங்கு அவிக்க அடுப்புக்கும் மதில் கல் என்று குவியல் குறைந்துகொண்டே வந்தது. புது பிளக் போட்டார்கள். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் வாங்க இரண்டு பேருமாகச் சேர்ந்து சாலைக் கடைவீதிக்குப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டதாகத் திரும்பி வந்து இரண்டு பேரும் அம்மையிடம் புகார் சொன்னார்கள்.

எல்லாம் மாற்றியும் பிளக்கில் கரண்ட் மட்டும் வரவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் ராபின்சன் ஸ்பானரைக் கீழே போட்டான்.

"விடு மக்கா. இது அப்பனோட போச்சு. அரிவாளை எடு, ரெண்டு பேரும் கையால வெட்டுவோம்."

"வெட்டலாம். அதுக்கு முன்னே பூத்துக்குப் போய் மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுட்டு வாறேன்."

ராபின்சன் முகம் மாறியது. "எதுக்கு?"

"வரண்டாம்னு சொல்லத்தான். மதிலுக்குன்னு இறக்கின கல்லுல நீ இருந்து கிழங்கு தின்னுட்டு இருக்க. பின்னே எதை வச்சுக் கட்டுவான்?"

ராபின்சன் கிரீஸ் கையைத் தம்பியின் சட்டையிலேயே அழுத்தித் துடைத்தான். அஜீஷ் துடைக்க விட்டான்.

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பின்சி இறங்கி வந்தாள். துவர்த்தை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எட்டி, இறங்கு! ஒருத்தரும் இருக்கப்பிடாதுன்னு நீதானே சொன்ன?" என்றான் ராபின்சன்.

"ஒரே ஒரு தடவை இழு, அஜீஷண்ணா."

அஜீஷ் அலுத்துக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

கோழிகள் சிதறி ஓட, வண்டி உறுமி எழுந்தது. அண்ணனும் தம்பியும் வாய் பிளந்து நின்றார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் பின்சி கத்திச் சொன்னாள்:

"சீட்டில ஆளு இருந்தாத்தான் இதுக்குக் கரண்ட் வரும், அண்ணா! அப்பன் கயிறு இழுக்கும்போதெல்லாம் இதில ஏறி இருந்தது நானாக்கும்!"