கழற்றிக் கேளுங்க, மேடம்

நான்காவது கடிகாரத்தையும் ஜெயஷீலா உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டாள். திருவனந்தபுரத்துக் கடிகாரக் கடையின் விற்பனைப் பெண் ரேஷ்மாவுக்கு எரிச்சல் வந்தது. பக்கத்து விசையைத் தள்ளினால் குட்டிச் சுத்தியல்கள் மணியையும் நிமிடத்தையும் அடித்துச் சொல்லும் கைக்கடிகாரங்கள் அவை. கோயில் மணி மாதிரி ஒலித்தும் இந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. பணக்காரத் திமிர்!

"வேற இருக்கா மோளே?" என்றார் கணவர் லிங்கராஜ்.

"ஒண்ணு இருக்கு சார். ரொம்ப மெலிசு. அதனால சத்தம் கம்மி, கேட்டோ."

"சத்தம் கெடக்கட்டும். எடு."

ஜெயஷீலா அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கழற்றிக் கேளுங்க, மேடம். கையில கட்டினா சதை சத்தத்த விழுங்கிரும்."

அவள் கழற்றாமலே விசையைத் தள்ளினாள். ரேஷ்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயஷீலாவின் முகமோ பூவாய் மலர்ந்தது. நாலு விரல் காட்டினாள். பிறகு இரண்டு.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இரண்டு.

லிங்கராஜின் கைகள் காற்றில் படபடவென்று ஏதோ கேட்டன. அவள் கைகள் பதில் சொல்லின.

"பொறந்ததுல இருந்தே இவளுக்குக் காது கேக்காது மோளே. தடியா இருந்த நாலும் காதுக்குத்தான் அடிச்சுது. இது எலும்புலயே தட்டுதாம்!"

ஜெயஷீலா அதைக் கழற்றி அவர் கையில் கட்டினாள். அவர் இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் விசையைத் தள்ளினாள்.

காது அடைத்திருந்ததால், கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"நாலு மூணு!"