மூணு தடவை படுக்க வெச்ச பொண்ணு

"அந்தப் பொண்ணுக்கு வேலையே தெரியலை! மூணு தடவை என்னை மெஷினுக்குள்ள படுக்க வெச்சுட்டா!"

ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் நுழையும்போதே பொரிந்து தள்ளினார் தையல்கடைக்காரர். பல வருஷமாக அவருக்குப் பித்தக்குழாய் சுருங்குகிற வியாதி. அது என்றைக்காவது புற்றுநோயாகிவிடுமோ என்று வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வருகிறவர்.

"விட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"எப்படி விடுறது? 'என் தப்பு சார், இன்னொரு தடவை மூச்சைப் பிடிங்க'ன்னு அவ வாயாலயே சொல்றா! புகார் எழுதிக் குடுத்துட்டேன்ல!"

பொத்தானை அமுக்கிய லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. அந்தப் பொண்ணைப் பெற்றவரே அவர்தான். "எம் பொண்ணு ஸ்கேன் மெஷினே ஓட்டுறா!" என்று டீக்கடை வரைக்கும் தம்பட்டம் அடித்த மனுஷன். அவள் வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம்தான். ஒரு புகார் போதும், வேலை நிரந்தரமாகாது.

சாயங்காலம் வீட்டில் கேட்டே விட்டார். "தப்பு பண்ணினியாம்மா?"

"அப்படித்தாம்பா அவர்கிட்ட சொன்னேன்." சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

"என் மானத்தை வாங்கிட்டியே!" அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மூணு வாரம் கழித்து அதே தம்பதி லிஃப்டுக்குள் வந்தார்கள். விசாரணைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.

"ஸ்கேன் மாடிக்குப் போங்க. அந்தப் பொண்ணைப் பார்க்கணும்."

"சார், சின்னப் பொண்ணு... ஏதோ தெரியாம..."

"தெரியாமலா? முதல் படமே பளிச்சுன்னு இருக்காம், டாக்டர் சொல்றார்! பழைய சுருக்கங்களுக்கு நடுவுல புதுசா ஒண்ணு ஒளிஞ்சிருந்தது அவ கண்ணுல பட்டிருக்கு. விடாம இன்னும் நெருக்கமா ரெண்டு தடவை எடுத்திருக்கா. அப்புறம் குழாய்ல சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. புற்றுநோய்தான். ஆனா இப்பத்தான் தலைகாட்டுது, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னுட்டார்."

"புகாரைத் திரும்ப வாங்கிட்டோம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி.

கதவு திறந்ததும் லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார் லிஃப்ட்காரர்.

"ஏம்மா, உன் தப்புன்னு எதுக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டார் தையல்கடைக்காரர்.

அவள் நெளிந்தாள். "நோய் இருக்கா இல்லையான்னு டாக்டர்தான் சார் சொல்லணும். சந்தேகமா இருக்குன்னு நான் வாயை விட்டிருந்தா, ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? என் மேல கோபம்னா, நல்லா திட்டிட்டுத் தூங்கிடுவீங்க."

கீழே யாரோ லிஃப்ட் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கட்டும் என்று நின்ற லிஃப்ட்காரர், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அவ எம் பொண்ணு சார்!"