நாலு பேர்

"போல்ட்டு எல்லாம் கழட்டியாச்சு. ஆனா பாடி சேஸிஸை விட்டுக் கிளம்ப மாட்டேங்குதே!" ஜீப்புக்கு அடியிலிருந்து கத்தினான் கணவன்.

"ஒத்தை ஆளா தூக்கினா எப்படிக் கிளம்பும்? வாசல் பூரா கிரீஸ். என் நல்ல தலையணை உங்க முதுகுக்கு அடியில. பக்கத்துத் தெருவுலதானே உங்க தம்பி இருக்கார், கூப்பிடுங்களேன்!"

"அப்பாவோட ஜீப்பை எடைக்குப் போடச் சொன்னவன் அவன். நான் செத்தாலும் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது!"

இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். போனில் ஒரே ஒரு வரிதான் பேசினாள்.

சற்று நேரத்தில் தம்பி மூன்று நண்பர்களோடு ஓடி வந்தான். சட்டைப் பொத்தான்கள் மாறிக் கிடந்தன.

"அண்ணா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

ஜீப்புக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "யாருடா செத்தது?"

தம்பியின் அழுகை பாதியில் நின்றது. "அண்ணி! 'பாடியை எடுக்கணும், நாலு பேரா வாங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம். அதுல என்ன பொய்? இதோ நிக்குதே பாடி, எடுங்க!"

அண்ணன் உறுமினான். "செத்தாலும் வராதேன்னு சொன்னேனில்ல? எதுக்குடா வந்தே?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் ஒரு மூலையைப் பிடித்தான்.

"செத்தப்புறமுமா உன் பேச்சைக் கேக்கணும்? அந்தப் பக்கம் பிடி!"