சேர்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நிரஞ்சனாவின் புரோகிராம் காலையிலிருந்து ஒரே வரியில் வந்து நின்றுகொண்டிருந்தது. லிஸ்ட்டில் ஒரு பெயரைச் சேர் என்கிறாள், முடியாது என்கிறது. உடன் வேலை பார்க்கும் ஹமீதிடம், அறைக்குள் நடந்துகொண்டே போனில் கத்தினாள். "லிஸ்ட்டுன்னு சொல்லித்தானே உள்ள வந்துச்சு? சேர்க்கிற வசதி இருக்குன்னுதானே காட்டுது?" ஹமீது சிரித்தான். "உள்ள இருக்கிறது லிஸ்ட்டே இல்ல, நிரஞ்சனா, அர்ரேன்னு அளவு மாறாத ஒரு வரிசை. லிஸ்ட்டோட சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது. எண்ணச் சொன்னா எண்ணும், தேடச் சொன்னா தேடும். ஆனா பொறக்கும்போது எத்தனை இடமோ அத்தனைதான். புதுசா ஒண்ணைச் சேர்க்காது. இருக்கிற ஒண்ணை அழிச்சிட்டு அந்த இடத்துல வேணா வெச்சுக்கலாம்." போனை வைத்த பிறகும் அவளால் உட்கார முடியவில்லை. "சாப்பிட வாம்மா" என்று அத்தை கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, நீயும் இந்த வீட்டுப் பொண்ணுதான் என்று வாய் ஓயாமல் சொல்கிறவள். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மாமா, அத்தை, கணவன். நான்காவதில், அவனுடைய முதல் மனைவி, இறந்துபோன சுகந்தி, தைத்துப் போட்ட பூப்போட்ட மெத்தை இன்னும் கிடந்தது. நிரஞ்சனா தண்ணீர் எடுக்கப் போனாள், உப்பு எடுக்கப் போனாள், மறுபடியும் தண்ணீருக்கே போனாள். "எதுக்கு இப்படி அலையுற? சேர் காலியாத்தானே இருக்கு, உக்காரு சுகந்தி" என்றாள் அத்தை, ரசத்தைக் கலக்கியபடியே, அத்தனை பிரியமாக. யாரும் நிமிரவில்லை. "இதோ அத்தை" என்று நிரஞ்சனாவின் வாய் பதில் சொல்லிவிட்டது.