யுட்டாவின் முறைவாரம்

"பாத்தீங்களா, ஹெர் டில்கர்?"

கீழ்வீட்டு நேகலே அம்மா மாடிப்படிக் கைப்பிடியில் விரலை ஓட்டி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் தூசி.

"சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு ஆச்சு. மூணாவது மாடிக்காரி இன்னும் துடைப்பத்தையே தொடல."

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அந்த வாரம் படி பெருக்குவது யார் முறையோ, அவர்கள் கதவில் மரப்பலகை தொங்கும். பலகை தொங்கினால் சனிக்கிழமைக்குள் பெருக்கித் துடைத்தாக வேண்டும்.

"யுட்டாவா? படியிடுக்கைக்கூட பல் தேய்க்கிற பிரஷ் வச்சு சுத்தம் பண்றவங்களாச்சே?"

"அது அப்போ."

"மூணு மாசமா வேலைக்கும் போகல. வீட்லதான் இருக்காங்க. நேரமில்லைன்னும் சொல்ல முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாராவது போய்க் கேக்கணும். எனக்கு முட்டி வலி, மூணு மாடி ஏற முடியாது." பெருமூச்சு விட்டார். "இந்த வீட்ல நியாயம் கேக்கற ஆம்பளை உங்களை விட்டா யாரு இருக்கா?"

நான் ஏறினேன்.

யுட்டா கதவைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. கதவின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

"படி..." என்று ஆரம்பித்தேன்.

"பெருக்கல."

"உடம்பு சரியில்லையா?"

அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் படிக்குப் போய் வந்தது.

"சாயந்திரம் பெருக்கிடுவீங்களா?"

"இல்ல. இந்த வாரம் நான் பெருக்கப் போறதில்ல, ஹெர் டில்கர்."

ஒரு காரணம் இல்லை. ஒரு மன்னிப்பு இல்லை. படியில் எதிரே வருபவருக்கு வழி விடும்போதே இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கிற பெண்! உதடு மட்டும் ஏதோ சொல்லத் துடித்தது. அதைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

இறங்கி வந்து நேகலே அம்மாவிடம் கொட்டினேன்.

"முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லிட்டாங்க!"

"மன்னிப்புக் கேட்டாளா?"

"எங்க கேட்டாங்க?"

"ஒரு தடவை கூடவா கேக்கல?"

"ஒரு தடவை கூட!"

"அடேயப்பா!" என்றார். அவர் கண்கள் பளபளத்தன. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்மாடியில் பெருக்கும் சத்தம் கேட்டது. தட்டிக் கேட்டால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று எனக்குள் ஒரு திருப்தி. பெருந்தன்மையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமென்று ஏறினேன்.

மூன்றாவது மாடியில் பெருக்கிக்கொண்டிருந்தது நேகலே அம்மா. காலில் செருப்பில்லை, வெறும் காலுறை.

"உங்க முட்டி..."

"உஷ்! மெதுவா. காதுல விழுந்தா வெளிய வந்து துடைப்பத்தைப் பிடுங்கிடுவா."

"அப்போ மத்தியானம் என்னை உசுப்பி விட்டது?"

படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யுட்டா மனநல டாக்டர்கிட்ட போயிட்டிருக்கா. எல்லாருக்காகவும் ஓடி, எல்லாத்தையும் ஒரு குறை இல்லாம செஞ்சு, ஆளே தேஞ்சு போயிட்டா. இது டாக்டர் குடுத்த பயிற்சி. பலகை தொங்கும், பெருக்கக் கூடாது. யாராவது கேட்டா இல்லன்னு சொல்லணும். காரணமும் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேக்கக் கூடாது. யாருமே கேக்கலேன்னா அவ எப்படிப் பழகறது?"

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"குத்தம் கண்டுபிடிக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது?"

"சரி, பயிற்சின்னா அப்படியே விட வேண்டியதுதானே? நீங்க ஏன் பெருக்கறீங்க?"

"வைத்தியம் வேற, படி வேற. ரெண்டையும் எதுக்குக் குழப்பணும்?"

கதவு திறந்தது.

யுட்டா எங்களைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார். அவர் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"நன்றி" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார்.

நேகலே அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிப்ரவரியில பாத்திருக்கணும் நீங்க. இதே படியில உக்காந்து அழுதுட்டிருந்தா. முப்பத்தொம்பது டிகிரி காய்ச்சல். எந்திரிக்க முடியல, கையில துடைப்பம். கீழ் மாடி இன்னும் பாக்கி இருக்கேன்னு அழறா! நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"காய்ச்சலோட பெருக்கணும்னு என்ன தலையெழுத்து? ஒரு வாரம் யார்கிட்டயாவது மாத்திக் கேட்டிருக்கலாமே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் கோபமே இல்லை.

"அந்த வாரம் அவ முறையே இல்ல, ஹெர் டில்கர். உங்க முறை. இடுப்பு வலின்னு படியில நின்னு அவகிட்ட சொன்னீங்களாம்."

சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் என் கதவில் பலகை இல்லாததும், அது எங்கே போனதென்று நான் கேட்காததும் ஞாபகம் வந்தன. அன்று நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினேன். நேகலே அம்மா ஒரு வார்த்தை திட்டாமல் துடைப்பத்தைக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தை சொல்லாததற்கு இன்றுவரை அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

"இதுக்குத்தான் என்னை அனுப்பினீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. அவ வாயிலிருந்து வர்ற முதல் 'இல்ல' உங்களுக்குத்தான் சேரணும்னு தோணிச்சு."