தோட்டத்தில் எடுத்த மூன்று மதிப்பெண்

"உங்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்குகளில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?"

கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தான் சித்தார்த்தன்.

"ஆமாண்ணா," என்றாள் ஷீலா. "தோட்டம் போடுறது. இப்பல்லாம் செடியப் பாத்தாலே எரிச்சலா வருது."

அவள் வீடு பெசன்ட் நகர் முனையில், குப்பத்தில், கடல் மணல்மேல் இருந்தது. ஓர் அறை, ஐந்து பேர். தோட்டம் எங்கே இருக்கிறது என்று சித்தார்த்தன் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மூன்று போட்டான். அதற்கு மேல் கிடையாது.

மையம் இருப்பது அடையாறில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். சுவரில் பதாகை: 'சிறுபான்மை, விளிம்புநிலை இளையோருக்குச் சமமான மனநலச் சேவை'. பதாகையில் எல்லோருக்கும் இடம் இருந்தது. உள்ளே பன்னிரண்டு பேருக்கு. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை. கட்-ஆஃப் பதினைந்து.

மதிப்பெண் கூடக் கூட மனம் கெட்டிருக்கிறது என்று பொருள். ஊரில் இப்படிப்பட்ட பரீட்சை இது ஒன்றுதான்.

தேறியவர்களுக்கு எட்டு வாரம், வாரத்தில் ஒரு மணி நேரம். கதவைச் சாத்திவிட்டு ஒருவர் உட்கார்ந்து கேட்பார்.

ஷீலாவுக்கு அந்தக் கதவு வேண்டும். அவள் வீட்டில் கதவு இருக்கிற இடத்தில் அம்மாவின் பழைய புடவை தொங்குகிறது.

காத்திருப்பவர்களின் மனம் அமைதியடைய ஒரு மீன்தொட்டி வைத்திருந்தார்கள். அவள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். காலையில்தான் அம்மாவோடு காசிமேட்டு ஏலத்தில் மூன்று கூடை மீனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இது இரண்டாவது முறை. ஆடி மாதம் வந்தபோது அவளை எடுக்கவில்லை. அப்போது கேள்வி கேட்டவள் அஸ்வினி அக்கா. அன்பானவள். ஆகவே வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் குறித்து வைத்ததெல்லாம் பழைய ஆண்டறிக்கைக்குள் பத்திரமாக இருக்கிறது. அறிக்கையின் அட்டையில் கடல் அலை.

அன்று ஷீலா தயாரிப்பில்லாமல் வந்து உள்ளதைச் சொல்லிவிட்டாள். பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லையென்றாள். இல்லாதது எப்படிக் குறையும்? அக்கா வருத்தத்தோடு பூஜ்யம் போட்டாள்.

இந்த முறை கனகராஜிடம் டியூஷன். அதே குப்பத்துப் பையன், போன பேட்ச்சில் தேறியவன்.

"இன்னா ஷீலா, இந்த ஊர்ல டியூசன் இல்லாம எவன் பாஸாயிகீறான்?" என்றான்.

படகு நிழலில் மூன்று நாள் நடந்தது. பாடம் இரண்டுதான். முதல் கேள்விக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும். தோட்டம் என்றால் அவர்களுக்கு உடனே புரியும். இது ஒன்று.

இரண்டாவதை அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னான்.

சித்தார்த்தன் அடுத்த கேள்விகளுக்குப் போனான்.

தூக்கம் வருவதில்லை என்றாள். விடியுமுன் ஏலத்துக்கு எழுந்திருப்பது தெரிந்ததும் 'தொழில் சார்ந்தது' என்று ஒன்று போட்டான். ஏலத்துக்குப் போகாத நாளிலும் வருவதில்லை என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவன் பசி பற்றிய கேள்விக்குப் போய்விட்டான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் சாப்பாடு குறையும் என்றாள். 'பருவம் சார்ந்தது.' ஒன்று.

மற்றதில் இரண்டும் மூன்றுமாக விழ, எட்டுக் கேள்விகள் முடிந்தன.

ஒன்பதாவதைப் படிக்குமுன் குரலைத் தாழ்த்தினான். அதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"உயிரோடு இல்லாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்று எப்போதாவது தோன்றியதா?"

"சேச்சே," என்று சிரித்தாள் ஷீலா. "அதெல்லாம் இல்லண்ணா."

சிரிப்பு டியூஷனில் இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

சித்தார்த்தன் நிம்மதியாக மூச்சு விட்டான். "தேங்க் காட். அதுக்கு 'ஆமா'ன்னா ரூல்ஸ்படி நாங்க எடுக்க முடியாதுங்க. ரிஸ்க் கேஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து அனுப்பிடுவோம்."

கூட்டிப் பார்த்தான். பதினாறு.

"செலக்ட் ஆயிட்டீங்க. வாழ்த்துகள்."

போன முறையும் பதினாறுதான். அன்று அதில் மூன்று இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து வந்தது. இன்று தோட்டத்திலிருந்து.

"ஆறு வாரம் கழிச்சு, புதன்கிழமை, நாலு மணி. எழுதிக்கோங்க," என்று பேனாவை நீட்டினான். பேனாவில் 'மனம் திறந்து பேசுவோம்' என்று அச்சடித்திருந்தது.

ஷீலா செல்போன் உறைக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. கிழமையையும் நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

முன்பக்கத்தில் இதே மையத்தின் முத்திரை. அஸ்வினி அக்காவின் கையெழுத்து. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெற்றோரில் ஒருவருடன் போகச் சொல்லியிருந்தது. அம்மாவிடம் ஷீலா இன்னும் சொல்லவில்லை.

ஆடி மாதத்துத் தேதிக்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: இன்றே பார்க்கவும்.